தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்: ஐந்துக்கு நான்கு

எங்களுக்கு விருதுநகரில் மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம். இலங்கை மிளகு இறக்கத் தொடங்கியதிலிருந்து சுங்க வேலையை முடித்துச் சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுத்துத் தரும் ஏஜென்ட்கள் இருவரைப் பார்த்துவிட்டேன். இது இரண்டாமவரைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

முதல் ஆளிடம் பட்டதைச் சொல்லாமல் இவரது அருமை புரியாது. இலங்கை மிளகு இந்தியாவுக்குள் வர இரண்டு வாசல் உண்டு. ஒன்று 2000 முதல் நடப்பில் இருக்கும் இந்திய-இலங்கை ஒப்பந்தம். அதில் வரி கிடையாது, ஆனால் ஆண்டுக்கு 2,500 டன் என்ற கோட்டா வரைதான். மற்றது 2006 முதல் உள்ள சாப்டா, அதாவது தெற்காசிய ஒப்பந்தம். அதில் 8 சதவீதம். இரண்டும் இல்லாவிட்டால் 70 சதவீதம். கிலோ 650 ரூபாயில் 10 டன் என்றால் சரக்கு 65 லட்சம். அதற்கு வரி சுழியமா, 5.20 லட்சமா, 45.50 லட்சமா என்பதைக் கொழும்பு வர்த்தகத் திணைக்களம் தரும் ஒரு சான்றிதழ்தான் முடிவு செய்யும். முதல் ஆள் கோட்டா மிச்சம் இருக்கிறதா என்று பார்க்காமலே இந்திய-இலங்கை ஒப்பந்தச் சான்றிதழையே வாங்கச் சொல்லிவிட்டார். பெட்டி இங்கே இறங்கிய பிறகுதான் கோட்டா முடிந்த விஷயம் தெரிந்தது. கொழும்பிலிருந்து சாப்டா சான்றிதழ் வந்து சேர 11 நாள். சரக்கு துறைமுகத்தில் கிடந்ததற்கான தாமதக் கட்டணம் (டிமரேஜ்) முழுக்க என் தலையில்.

இவர் அப்படியில்லை. இலங்கையில் மிளகு விளையும் மாத்தளையில் மூட்டை கட்டும்போதே போன் வந்துவிடும். "அண்ணாச்சி, கோட்டா முடிஞ்சிருந்தா எட்டு சதவீதம் சேர்த்துத்தான் விலை பேசணும். எந்த பேப்பர்னு இப்பவே சொல்லிருங்க."

நான் இவரிடமே நின்றதற்குக் காரணம் வேறு. கொழும்பில் ஒரு புரோக்கர், வியட்நாம் மிளகை அங்கே சுத்தம் செய்து அரைத்து, இலங்கைப் பொடியாக அனுப்புவதாகச் சொன்னார். விலையும் குறைவு. எனக்குச் சபலம்தான். வியட்நாமிலிருந்து நேரே இறக்கினால் ஆசியான், அதாவது தென்கிழக்கு ஆசிய நாடுகளுடனான ஒப்பந்தப்படி 50 சதவீதம் கட்ட வேண்டுமே. ஏஜென்ட் சிரித்தார். சுங்க வரிப் பட்டியலில் முழு மிளகின் தலைப்பு எண்ணும் 0904, பொடியின் எண்ணும் 0904. அரைத்தாலும் தலைப்பு மாறாததால் இலங்கைச் சரக்கு ஆகாது என்றார். வரிச்சலுகை கேட்கும் சரக்கு எந்த நாட்டுடையது என்று சரிபார்க்க 2020 செப்டம்பரில் வந்த கரோடார் என்ற சுங்க விதிப்படி, சரக்கு எங்கே விளைந்தது என்ற விவரம் என் கையில் இருக்க வேண்டும். சுங்கத்தில் கேட்டால் 10 வேலை நாளில் பதில். காகிதங்களை 5 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். அவரே ஒரு ஃபைல் போட்டு, தோட்டத்து ரசீது முதல் எல்லாவற்றையும் கோத்துக் கொடுத்தார்.

ஒப்பந்தம் கூடக் கூட வியாபாரம் பெருகும் என்று கூட்டங்களில் பேசுவார்கள். நான் பார்த்த மட்டும், சரக்கு வரி குறைந்த வாசலுக்கு நகர்கிறது, அவ்வளவுதான். வனஸ்பதியில் நடந்ததும் அதுதான். வெளியிலிருந்து வந்த பாமாயிலை இலங்கையில் வனஸ்பதியாக்கி வரியில்லாமல் இங்கே அனுப்பினார்கள். இந்தியா 2.5 லட்சம் டன் என்று உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று. பெரிய கம்பெனிக்கு எந்த வாசல் என்று பார்க்கத் தனி ஆளே உண்டு. என்னைப் போன்றவனுக்கு இந்த ஏஜென்ட்தான்.

குறை இல்லாமல் இல்லை. கட்டணம் முதல் ஆளைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பில் கேட்டால் இரண்டு வாரம் இழுக்கும். எதையும் எழுத்தில் தராமல் நான்கு நிமிட வாய்ஸ் மெசேஜாக அனுப்புவார், அதில் பாதி லாரிச் சத்தம். ஒரு மதிப்பெண் அதற்காகத்தான் குறைத்தேன். நேரில் பார்ப்பதானால் காலை பதினொன்றுக்குள் போய்விடுங்கள். அப்புறம் துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவார்.