அப்பாவோட மெடல் ஃபிரேம், 4 ஸ்டார் குடுக்கலாம்

அப்பா தவறி வருஷ திதி வர்றதுக்குள்ள அவரு மெடலையெல்லாம் பாக்ஸ் ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டணும்னு அம்மா ஆசைப்பட்டாங்க, அதான் இந்த ஃபிரேம் கடையில குடுத்தோம். வேலூர் பக்கம் பட்டாளத்துக்காரங்க ஜாஸ்தி, அதனால கடைக்காரருக்கு இந்த வேலை அத்துப்படி. 1971 சண்டைக்கு குடுத்த பஸ்சிமி ஸ்டார், அதுக்கப்புறம் சங்க்ராம் மெடல்னு வரிசைய அவரே கரெக்டா வெச்சாரு, கம் எதுவும் தடவாம ரிப்பன வெல்வெட்ல தெச்சுக் குடுத்தாரு, சூப்பர்.

டிசைன்லதான் மல்லுக்கட்ட வேண்டியதா போச்சு. இவங்க டெம்ப்ளேட்னா தேசியக்கொடி, பீரங்கி, கழுகு, கீழ "வீரவணக்கம்". சரி, அப்பா மெட்ராஸ் சேப்பர்ஸ்தான் (பட்டாளத்துல இன்ஜினியர் படை), 1971 பாகிஸ்தான் சண்டையில மேற்கு எல்லையில பசந்தர் ஆத்துப் பக்கம் கண்ணிவெடி எடுத்த 9 இன்ஜினியர் ரெஜிமெண்ட்ல இருந்தவருதான். ஆனா பட்டாளம் 15 வருஷம், அப்புறம் ஓ.என்.ஜி.சி. எண்ணெய் கம்பெனில எலக்ட்ரீஷியனா 25 வருஷம் பாம்பே ஹைங்கிற கடல் எண்ணெய் வயல்லதான் கெடந்தாரு, ஜூஹுல ஹெலிகாப்டர் ஏறுனா 14 நாள் நடுக்கடல்ல, 14 நாள் வீட்ல. 1974ல அங்க எண்ணெய கண்டுபிடிச்ச சாகர் சாம்ராட்ங்கிற எண்ணெய்க் கிணறு தோண்டுற ரிக்லயே கொஞ்ச காலம் இருந்தாரு, அத வீட்டுக்கு வர்றவங்க ஒருத்தர் விடாம சொல்லிடுவாரு. தாதர் எக்ஸ்பிரஸ்ல வந்து அரக்கோணத்துல இறங்குனார்னா அந்த 14 நாளும் அம்மாவுக்கு அடுப்படி பக்கமே வேலை இல்ல, எங்க யூனிஃபார்ம் அயர்ன் பண்றதும் அவருதான், காலர் கொஞ்சம் கோணினாலும் திரும்ப தேய்ப்பாரு. 2005 ஜூலைல பாம்பே ஹை நார்த் பிளாட்ஃபார்ம் எரிஞ்சு 22 பேர் போனப்ப வீட்ல இருந்தாரு, டிவி முன்னாடியே சாப்பிடாம உக்காந்திருந்தாரு, லீவு முடிஞ்சதும் ஒரு வார்த்தை பேசாம கெளம்பிட்டாரு.

இந்த மனுஷனுக்கு பீரங்கி எதுக்குங்க? அப்பா ரிக்ல போட்ட டாங்கிரி (வேலை டிரெஸ்) பாக்கெட் துணியும் கல்யாண ஃபோட்டோவும் வைங்கன்னா "மெடல் ஃபிரேம்ல அதெல்லாம் செட் ஆகாதுங்க"ன்னுட்டாரு கடைக்காரரு. "அந்த சட்டை போட்டுத்தாங்க எங்க வீட்ட கட்டுனாரு"ன்னு அம்மா சொன்னதும்தான் வழிக்கு வந்தாரு. வந்தப்புறம் செஞ்ச வேலை நெசமாவே நல்லா இருக்கு, ஒரு பக்கம் மெடல், ஒரு பக்கம் டாங்கிரி துணி, நடுவுல ரெண்டு பேரும். அப்பாவோட ஹெல்மெட்டையும் வைக்க ஃபிரேம்ல ஆழம் பத்தல, போவட்டும்.

ஒரு ஸ்டார் கம்மி எதுக்குன்னா, சொன்ன தேதிக்கு தரல, திதிக்கு மொத நாள் ராத்திரிதான் கைக்கு வந்துச்சு. சாதா கண்ணாடில ட்யூப்லைட் அடிக்குது, மேட் கிளாஸ் கேட்டு வாங்குங்க. 4,200 ரூபா, முழுசும் அட்வான்ஸ். டிசைன வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லி பாத்துட்டே ஓகே பண்ணுங்க, இல்லன்னா கழுகு வந்துரும்.