கிராண்ட் பிரெய்ரி ஸ்டேடியம்: எல்லாம் சரி, நிழல் எங்கே?

ஹூஸ்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார், "டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு வரலாமா? டல்லாஸ் பக்கத்து கிராண்ட் பிரெய்ரி ஸ்டேடியம் எப்படி?" என்று. அமெரிக்காவின் டி20 லீக்கான மேஜர் லீக் கிரிக்கெட் தொடங்கிய 2023-லிருந்து அங்கே போய் வருகிறேன். போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

இது கிரிக்கெட்டுக்காகக் கட்டிய இடம் இல்லை. ஏர்ஹாக்ஸ் என்ற பேஸ்பால் அணிக்காக 2008-ல் லோன் ஸ்டார் பார்க் குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் திறந்தார்கள். பெரிய லீக் அணிகள் எதோடும் சேராத, தனித்து இயங்கிய சிறு லீக் அணி அது. 2011-ல் தான் ஆடிய அமெரிக்கன் அசோசியேஷன் என்ற லீக்கின் பட்டத்தை வென்றது. 2018-ல் சீனாவிலிருந்து பேஸ்பால் வீரர்களை வரவழைத்து, பயிற்சிக்காக அந்த அணியில் ஆடவைத்தார்கள். 2019-க்குப் பிறகு ஏர்ஹாக்ஸ் களமிறங்கவே இல்லை. சும்மா கிடந்த இடத்தைக் கிரிக்கெட் லீக்காரர்கள் குத்தகைக்கு எடுத்து, பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சர் நிற்கும் மேட்டைச் சமப்படுத்தி, நடுவில் ஆடுகளம் போட்டு மாற்றினார்கள்.

பழைய உருவம் அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லை. பேஸ்பாலில் பேட்டர் நிற்பது மைதானத்தின் ஒரு மூலையில். நல்ல இருக்கைகள் எல்லாம் அந்த மூலையைச் சுற்றித்தான் இருக்கும். கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் நடுவுக்குப் போய்விட்டார், பழைய காலரி மூலையிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் இது சின்ன ஸ்டேடியம், மொத்தமே சுமார் 7,200 பேர்தான் உட்காரலாம். எங்கே உட்கார்ந்தாலும் மட்டையில் பந்து படும் சத்தம் கேட்கிறது. எல்லைக்கோட்டில் ஃபீல்டிங் செய்பவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். சேப்பாக்கத்தில் எனக்கு இது கிடைத்ததே இல்லை.

2023 ஜூலை 13, முதல் ஆட்டம். சூப்பர் கிங்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் நைட் ரைடர்ஸை 69 ரன்னில் வென்ற அந்த இரவில் மஞ்சள் சட்டையும் விசிலுமாக டெக்சாஸே ஊர் மாதிரி ஆகிவிட்டது. அதே மாதக் கடைசியில் நடந்த இறுதிப் போட்டியில் நிக்கோலஸ் பூரன் 55 பந்தில் 137 அடித்தார். இவ்வளவு நெருக்கத்தில் அப்படி ஓர் ஆட்டத்தை வேறு எங்கே பார்க்க முடியும்?

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். வெயில். பெரும்பாலான இருக்கைகளுக்கு மேலே ஒன்றுமே கிடையாது. கோடையில் சிறு லீக் பேஸ்பால் பெரும்பாலும் சாயங்காலத்தில்தான் நடக்கும். அதனால் கூரை இல்லாதது அப்போது பெரிய விஷயமாக இருந்திருக்காது. கிரிக்கெட் அட்டவணை வேறு மாதிரி. 2024 டி20 உலகக் கோப்பையில் இங்கே நடந்த அமெரிக்கா–பாகிஸ்தான் ஆட்டம் காலை 10:30-க்குத் தொடங்கியது. அப்போது இந்தியாவில் இரவு 9 மணி. வீட்டில் டிவி பார்ப்பவர்களுக்கு வசதியான நேரம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு உச்சி வெயில். ஆட்டம் 159-க்கு 159 என்று சமனாகி, சூப்பர் ஓவர் வரை போய், நேத்ரவால்கர் பந்துவீசி அமெரிக்கா ஜெயித்தது. வாழ்நாள் முழுக்கப் பேசக்கூடிய ஆட்டம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கொண்டாட வேண்டிய நேரத்தில் என் பக்கத்து வரிசைப் பெரியவர் ஒருவர் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு படிக்கட்டில் சாய்ந்திருந்தார். அவருக்குத் தண்ணீர் தேடி ஓடியதில் எனக்குக் கோபம்தான் மிஞ்சியது.

ஜூலையில் 38 டிகிரியைத் தாண்டுவது டல்லாஸ் பக்கம் சாதாரணம். லீக்கின் மதிய ஆட்டங்களிலும் இதே கதைதான். குழந்தைகள் பத்து ஓவருக்குள் வாடிவிடுகிறார்கள். ஆடுகளத்தையும் விளக்குகளையும் உலகத் தரத்தில் செய்யத் தெரிந்தவர்களுக்கு, காசு கொடுத்து வருபவர்கள் தலைக்கு மேல் ஒரு துணிப்பந்தல் போடவா முடியாது?

நியாயமாகச் சொன்னால் ராத்திரி ஆட்டத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நண்பரிடமும் அதையே சொன்னேன்: இரவு ஆட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க, கார் இல்லாமல் மட்டும் வராதீங்க, டல்லாஸின் டார்ட் நகர ரயில் கிராண்ட் பிரெய்ரிக்கு வராது. மதிய ஆட்டம் என்றால் இலவச டிக்கெட் கிடைத்தாலும் வேண்டாம்.

எனக்கு? அடுத்த சீசனுக்கு டிக்கெட் எடுப்பதாக இல்லை. முதலில் கூரை போடட்டும்.