சேஃபில் ஓர் இடம், மூன்று முத்திரைகள்

என் சேஃபில் இன்னும் ஒரு துப்பாக்கிக்குத்தான் இடம் பாக்கி. அங்கே எதை நிறுத்துவது என்று ஆறு மாதமாக இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் ஃபீனிக்ஸில் இருக்கும் மாமாவோடு வாய்ச்சண்டை. அவர் அமெரிக்க எம்1 கார்பைன் கட்சி. அதே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் பிரிட்டிஷ் ஜங்கிள் கார்பைன் என்கிறார். எனக்குப் போயர்களின், அதாவது இங்கே குடியேறிய டச்சு வழியினரின், மவுசர் கார்பைன். மூன்றும் குட்டைத் துப்பாக்கிகள். மூன்றிலும் விலையை ஏற்றி இறக்குவது இரும்பில் அடித்திருக்கும் நாலைந்து எழுத்துகள்தான்.

மாமாவின் கட்சிக்கு முதலில் நியாயம் செய்துவிடுகிறேன். முத்திரை வேட்டைக்கு எம்1-ஐ விடக் கொழுத்த நிலம் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் 60 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். துப்பாக்கி ஆலைகளுக்குக் கையில் வேறு வேலை இருந்ததால், யார் யாரையோ பிடித்துச் செய்யச் சொன்னார்கள். தட்டச்சு இயந்திரக்கார அண்டர்வுட், கணக்கு இயந்திரம் செய்த ஐபிஎம், தபால் முத்திரை இயந்திரம் செய்த நேஷனல் போஸ்டல் மீட்டர் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் செய்த சிகாகோவின் ராக்-ஓலாவும் உண்டு. ராக் இசையால் வந்த பெயர் என்று மாமா பத்து வருடம் நம்பியிருந்தார். நிறுவனர் டேவிட் ராக்கோலாவின் குடும்பப் பெயர் அது.

ஜெனரல் மோட்டார்ஸின் இன்லாண்ட் பிரிவு 26 லட்சம் செய்தது. ராக்-ஓலா செய்தது சுமார் 2,28,500, அதாவது நூற்றுக்கு நாலுகூட இல்லை. அதனால்தான் அதற்கு இந்த மவுசு. இர்வின்-பெடர்சன் என்ற கம்பெனியின் கதை இன்னும் சோகம். சில ஆயிரம் செய்தும் ராணுவம் ஏற்றுக்கொள்ளவில்லை, கடைசியில் ஆலையே ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிரிவான சாகினா கைக்குப் போனது. எனக்குப் பிடித்தது வேறொன்று: ‘அன்-குவாலிட்டி’ என்று அடித்த ரிசீவர், அதாவது குழலும் மற்ற பாகங்களும் பூட்டும் நடு உடல். குவாலிட்டி ஹார்ட்வேருக்காக ரயில்வே சிக்னல் செய்யும் யூனியன் கம்பெனி தயாரித்துக் கொடுத்தது. யூனியனைச் சுருக்கிய ‘அன்’ போய் ‘குவாலிட்டி’க்கு முன்னால் உட்கார்ந்தது. தரமில்லாதது என்று தன் பொருளிலேயே முத்திரை குத்திக்கொண்ட ஆலை வேறு எங்காவது உண்டா?

ஆனால் ஒன்று. இந்த ஆலைகள் போர்க்காலத்திலேயே உதிரிபாகங்களை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கின. போருக்குப் பின் ராணுவப் பணிமனைகளில் எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டி மறுபடி பூட்டினார்கள். அதனால் ரிசீவரில் ராக்-ஓலா, உள்ளே இன்லாண்டின் ‘ஐ’, வின்செஸ்டரின் ‘டபிள்யூ’ என்று கலந்திருப்பதே இயல்பு. எல்லாப் பாகத்திலும் ஒரே எழுத்து இருந்தால் நான் விலையைக் கேட்பதற்கு முன் சந்தேகப்படுவேன். பின்னாளில் பொருத்திய பெரிய பின்காட்டி (குறி பார்க்கும் பின்பக்கத் துண்டு) ஆலைப் பெயரை மறைத்திருக்கும். அதனால் பெயரைப் படிக்கவே டார்ச் வேண்டும். இங்கே அதன் தோட்டாவையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். அது தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகம் என்பதால் உரிமம் கேட்கும்போது கூடுதல் கேள்விகளும் வரும்.

ஜங்கிள் கார்பைன் பற்றி நான் நடுநிலையாகப் பேச முடியாது, ஒருமுறை வாங்கி ஏமாந்தவன். அதிகாரப் பெயர் நம்பர் 5. 1944 முதல் 1947 வரை இங்கிலாந்தில் இரண்டே இடங்களில் செய்தார்கள்: ஃபசாக்கர்லி அரசு ஆலை, ஷர்லியில் பிஎஸ்ஏ என்ற கம்பெனி. பிஎஸ்ஏ துப்பாக்கியில் கம்பெனிப் பெயரைத் தேடினால் கிடைக்காது, ‘எம்47சி’ என்ற குறிதான் இருக்கும். எம் என்றால் மிட்லண்ட்ஸ் வட்டாரம். எந்த ஆலையில் எது தயாராகிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்று பெயருக்குப் பதில் குறி வைத்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது: 1940 நவம்பரில் பிஎஸ்ஏயின் பர்மிங்ஹாம் ஆலையில் குண்டு விழுந்து 53 தொழிலாளர்கள் செத்தார்கள். அப்படிப் பார்த்தால் மூன்றிலும் அர்த்தம் அதிகமுள்ள முத்திரை இதுதான்.

கைக்கு அடக்கம், தீப்பொறியை மறைக்கும் கூம்பு, பார்க்க அழகு. சுட்டால் தோளைப் பெயர்க்கும். போலிகளும் ஏராளம். நீளமான நம்பர் 4 ரைஃபிளை அறுத்து, கூம்பு மாட்டி விற்கிறார்கள். உள்ளூர் ஒருவரிடம் நான் வாங்கியதும் அப்படித்தான். மரக்கட்டையைக் கழற்றி, குழல் ரிசீவரில் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அசலில் எடை குறைக்க அங்கே இரும்பைச் சீவியிருப்பார்கள். என்னுடையதில் சீவலே இல்லை, முழு இரும்பு. விற்றவரிடம் கேட்டேன். “அண்ணே, காடும் இல்லை, கார்பைனும் இல்லை, விட்டுடுங்க” என்று சிரித்தார். பணம் போனது போனதுதான்.

சரி, மவுசர். 1895 கடைசியில் பிரிட்டிஷ் தரப்பிலிருந்து நடந்த ஜேம்சன் படையெடுப்புக்குப் பிறகு, போயர்களின் டிரான்ஸ்வால் குடியரசு ஜெர்மனியில் சுமார் 37,000 மவுசர் வாங்கிக் குவித்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு போயர் நாடான ஆரஞ்சு சுதந்திர நாடும் வாங்கியது, அவற்றில் ‘ஓ.வி.எஸ்.’ என்று அடித்திருக்கும். டச்சு மொழியில் அந்த நாட்டின் பெயர்ச் சுருக்கம். தயாரிப்பாளர் பெர்லினின் லுட்விக் லோவ. கைக்கு வந்து சேராமல் போன சில துப்பாக்கிகளைச் சிலி வாங்கிக்கொண்டது. அவற்றில் சிலி முத்திரைக்குக் கீழே ஓ.வி.எஸ். இன்னும் தெரியும். ஒரு நாடு கேட்டும் கைக்கு வராத பொருளில் இன்னொரு நாட்டின் சின்னம்! அது கிடைத்தால் மாமாவின் பத்து ராக்-ஓலாக்களுக்குச் சமம் என்பேன்.

போயர்கள் கட்டையில் பெயரைச் செதுக்கிவைத்தார்கள். இதுவும் ஒரு முத்திரைதான், ஆனால் கத்தியும் ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் யாரும் செதுக்கிவிடலாம். செதுக்கலுக்குத் தனி விலை கொடுக்காதீர்கள். எழுத்தின் ஓரம் கட்டையின் மற்ற இடத்தைப் போலவே தேய்ந்து கறுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு இதில் ஒட்டுதல் வரக் காரணம் ஊர். போயர்களும் பிரிட்டிஷாரும் மோதிய கொலென்சோ போருக்குக் காந்தி பிரிட்டிஷ் தரப்புக்காகத் திரட்டிய 1,100 இந்தியர் தூக்குப்படுக்கையோடுதான் போனார்கள், அதில் 800 பேர் கரும்புத் தோட்டத்துக் கூலிகள். இந்த மவுசரின் தோட்டா பட்டவர்களை நம்மவர் தோளில் சுமந்தார்கள். பிடிபட்ட போயர்களில் சிலரைக் கப்பலேற்றித் திருச்சியில் அடைத்துவைத்தார்கள். தாத்தா ஊரிலிருந்து இங்கே, போயர் இங்கேயிருந்து தாத்தா ஊருக்கு. சிகாகோ ஜூக்பாக்ஸ் கம்பெனிக்கு இந்தக் கதை எங்கே கிடைக்கும் என்று கேட்டால் மாமா பேச்சை மாற்றிவிடுவார்.

நடைமுறையிலும் மவுசருக்கே என் ஓட்டு. அதன் 7 மில்லிமீட்டர் தோட்டா இங்கே வேட்டைக்காரர்கள் இன்றும் வாங்குவது. ஆனால் பழசு என்பதால் உரிமம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கே 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி தொல்பொருள் சலுகை 1900-க்கு முன் செய்த, குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்குத்தான். 1896 மவுசர் பின்வழி நிரப்புவது, அதற்கு முழு உரிமம் வேண்டும். சேகரிப்பாளர் உரிமத்துக்கு அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் சங்கத்தில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். ஒரு துப்பாக்கி ஏன் உங்கள் சேகரிப்புக்குப் பொருந்துகிறது என்று எழுதிக் காட்டும்போதுதான் முத்திரை அறிவு உண்மையில் உதவுகிறது.

என் விண்ணப்பம் போய்விட்டது. மாமா போன வாரம் வந்து சேஃபைத் திறந்து அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். “அன்-குவாலிட்டி ஒண்ணு வந்தா எனக்குச் சொல்லு, நான் வாங்கிக்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.