மருத்துவமனைப் படிவங்கள் அச்சடிக்க ஈரோட்டில் நம்பிப் போகக்கூடிய இடம்

காங்கேயத்தில் சிறிய நர்சிங் ஹோம் நடத்தும் மகப்பேறு மருத்துவர் நான். எங்கள் கேஸ் ஷீட், ஒப்புதல் படிவம், பரிந்துரைக் கடிதம், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாமே ஈரோட்டிலுள்ள இந்த ஆஃப்செட் அச்சகத்தில்தான் தயாராகின்றன. கல்யாணப் பத்திரிகைக்காக இங்கே வருகிறவர்களே அதிகம். மருத்துவமனை வேலையையும் இவர்களிடம் தாராளமாகக் கொடுக்கலாம் என்று சக மருத்துவர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இவர்களை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் கணினியில் பக்கங்களை வடிவமைக்கும் டிடிபி பிரிவில் இருக்கும் இளம்பெண். மாதிரிக்காக எங்கிருந்தோ வாங்கிய ஒரு பழைய ஒப்புதல் படிவத்தை எடுத்துப் போயிருந்தேன். அதில் கணவர் அல்லது பாதுகாவலரின் கையெழுத்துக்கு அகலமான இடமும், நோயாளியின் கையெழுத்துக்கு, கடைசியில், ஒரு ஒடுங்கிய கோடும் இருந்தன. கொடுத்ததை அப்படியே அடித்துத் தந்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லப்போவதில்லை. அவரோ அந்த இடத்தில் விரலை வைத்து, "ஆபரேஷன் அந்த அம்மாவுக்குத்தானுங்களே டாக்டர், அவர்கள் கையெழுத்து ஏன் கடைசியில் இருக்கிறது?" என்று கேட்டார். "சரியாகக் கேட்டாய் அம்மணி, மேலே கொண்டுவந்துவிடு" என்றேன்.

அந்தக் கேள்வியின் எடை மகப்பேறு மருத்துவர்களுக்குத் தெரியும். டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், வயிற்றில் சிறு துளையிட்டு, உள்ளே பார்த்து நோய் என்னவென்று கண்டறியும் லேப்ராஸ்கோப்பிக்குத்தான் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த, தானே முடிவெடுக்கக்கூடிய நோயாளிக்காக இன்னொருவர் சம்மதம் தர முடியாது என்று அவர் தொடுத்த சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பகுதி வீடுகளில் கணவரோ மாமனாரோ பேனாவை வாங்கிக்கொண்டு, "அவளுக்கு என்னங்க தெரியும், நான் போட்டுவிடுகிறேன்" என்பது இன்றும் நடக்கிறது. இப்போது தாளிலேயே முதல் இடம் அந்தப் பெண்ணுக்கு இருப்பதால், அவரிடம் நீட்டுவது எனக்கும் என் செவிலியர்களுக்கும் இயல்பாகிவிட்டது.

படிவம் முழுவதும் தமிழில், படிக்கும்படியான பெரிய எழுத்தில் இருக்கிறது. என்ன நோய், என்ன அறுவை, என்னென்ன சிக்கல் வரலாம், வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே நான் கையால் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். மயக்க மருந்துக்கும் ரத்தம் ஏற்றுவதற்கும் தனித்தனித் தாள். "எது நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல" என்ற வரியை நான் சேர்க்கவே இல்லை. கவனக்குறைவு நடந்திருந்தால் அந்த வரி எந்த மருத்துவரையும் காப்பாற்றாது. பயந்துபோய் நிற்கும் நோயாளிக்கு அது இன்னும் பயத்தைத்தான் கொடுக்கும். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வழக்கு என்று வந்தால், உட்கார்ந்து விளக்கினோம் என்பதற்கு நான் கையால் எழுதிய அந்த வரிகளைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இவர்களுடைய வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கம். வீட்டுக்குப் போன பிறகு எதைக் கண்டால் உடனே வரவேண்டும் என்பதைச் சிவப்புக் கட்டத்துக்குள் போட்டிருக்கிறார்கள்: காய்ச்சல், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு உதிரப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், தையலில் சீழ். அடியில் இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண். வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் மருமகளுக்கு உதிரப்போக்கு அதிகமானபோது, மாமியார் இந்தத் தாளைப் படித்துவிட்டு விடியும்வரை காத்திராமல் காரை வரவழைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தாயும் பிள்ளையும் நலம். அந்த மாமியார் தாளை மடித்துத் தன் பர்ஸில் வைத்திருந்ததைப் பார்த்தபோது, பிழை திருத்த உட்கார்ந்த நேரமெல்லாம் எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

கோவைக்கு அனுப்பும்போது கொடுக்கும் பரிந்துரைக் கடிதமும் நன்றாக அமைந்திருக்கிறது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து, கிளம்பிய நேரம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு.

குறைகளும் இருக்கின்றன. கார்பன் இல்லாத நகல் தாளில் எழுத்து மங்குகிறது. எங்கள் ஊர் வெயிலில் ஜன்னலோரம் வைத்த கட்டுகளில் அது நன்றாகவே தெரிகிறது. உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. மங்கிய நகலைக் கொடுத்து என்ன பயன்? கேட்டதும், மூலத்தைத் தடித்த தாளில் அடித்து அதை எங்களிடமே வைத்துக்கொள்ளும்படி மாற்றித் தந்தார்கள். ஆனால் இதை அச்சகமே முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அரிசி ஆலைகளிலும் தேங்காய்க் களங்களிலும் வேலை செய்யும் வடமாநிலப் பெண்கள் இப்போது பிரசவத்துக்கு எங்களிடம் வருகிறார்கள். இந்திப் படிவத்தை இவர்களே கோத்துத் தந்தார்கள். ஒடியாவுக்கு இங்கே ஆள் இல்லை. நாமே தயார் செய்து கொண்டுபோனால் சுத்தமாக அடித்துத் தருகிறார்கள்.

விலை மற்ற இடங்களைவிடச் சற்றுக் கூடுதல்தான். தாளுக்கும் பைண்டிங்குக்கும் அது தகும். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் பத்திரிகை வேலை குவிந்து நம் வேலை பின்னுக்குப் போய்விடுகிறது. அதற்கு முன்பே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். புரூஃபை வாட்ஸ்அப்பில் பார்த்துச் சரி சொல்லாமல், தாளில் வாங்கி உங்கள் வார்டு ஆயாவிடம் ஒருமுறை படிக்கக் கொடுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள், இங்கே முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள்.