ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் 'பட் பட்': மூன்று ஆண்டு ட்யூனிங் அனுபவம்

வண்டி வாங்கிய ஆறாவது மாதம் சைலன்சரை மாற்றினேன். வண்டியோடு வந்த சைலன்சர் ஊமை. புதியதற்குக் கொஞ்சம் குரல் இருந்தது. குரலோடு ஒரு இருமலும் சேர்ந்து வந்தது. மூன்றாம் கியரில் 4,500 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுதாக விட்டால், விட்ட கணத்தில் ஒரு 'டப்'. அப்புறம் ஒரு சின்ன மௌனம். 3,000க்குக் கீழே இறங்கியதும் 'பட் பட் பட்' என்று வரிசையாக வெடிக்கும். முதல் வாரம் ரசித்தேன், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது வாரம், ஓரமாக நடந்துபோன பெரியவர் ஒருவர் திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். ரசனை அதோடு போயிற்று.

400 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி. இப்போது 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் காட்டியபோது சிரித்தார். "தம்பி, இந்தச் சத்தத்துக்காகவே காசு செலவழிக்கிறவங்க இருக்காங்க. உனக்கு என்ன கஷ்டம்?" என்றார். பிறகு அவரே, "சைலன்சர் மாத்தினா பெட்ரோலும் மாத்தணும். லீனா ஓடுது," என்றார். லீன் என்றால் காற்றோடு ஒப்பிடும்போது பெட்ரோல் குறைவு. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பத்து மாதம் அலைந்தேன்.

இதைப் பேக்ஃபயர் என்றே எல்லோரும் சொல்கிறோம். கறாராகப் பார்த்தால் சைலன்சர் பக்கம் வெடிப்பதற்கு ஆஃப்டர்ஃபயர் என்று பெயர். ஆக்சிலேட்டரை விட்டதும் த்ராட்டில், அதாவது என்ஜினுக்குக் காற்று விடும் கதவு, மூடிக்கொள்கிறது. த்ராட்டில் மூடினாலும் சக்கரம் என்ஜினைச் சுழற்றிக்கொண்டேதான் இருக்கிறது. உள்ளே போவது மிகக் கொஞ்சம் காற்று; அதில் முந்தைய சுற்றின் எரிந்த புகையும் கலந்திருக்கும். பிளக் பொறி விட்டாலும் அந்தக் கலவை சரியாகப் பற்றாது. பற்றாத பெட்ரோல் ஆவி, என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் சூடான பெண்ட் பைப்புக்குப் போகிறது. அங்கே புதுக் காற்று கிடைத்தால் வெடிக்கிறது. ஆக பெட்ரோல், சூடு, காற்று மூன்றும் சேர வேண்டும். நான் பெட்ரோலை மட்டும் பார்த்தேன்.

சீட்டுக்கு அடியில் மாட்டும் ஃப்யூயல் கன்ட்ரோலர் ஒன்று வாங்கினேன். வண்டியின் கணினியான இசியூ, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு அனுப்பும் சிக்னலை இடையில் பிடித்து, நாம் சொல்லும் சதவீதத்துக்குக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கும் பெட்டி. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சாரின் கனெக்டரில் மாட்ட ஒரு சின்ன டம்மி பிளக்கும் உண்டு. அது இல்லாவிட்டால் நாம் கூட்டியதை இசியூ சென்சாரைப் பார்த்துத் தானே குறைத்துவிடும். கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாக ஒரு அட்டவணை: இடமிருந்து வலமாக த்ராட்டில் சதவீதம், மேலிருந்து கீழாக ஆர்பிஎம். நமக்கு வேண்டியது 0% பத்தி, அதாவது த்ராட்டில் முழுதாக மூடிய நிலை.

அந்தப் பத்தி முழுக்க 5 கூட்டினேன். ஒன்றும் இல்லை. 10. கீழ் ஆர்பிஎம்மில் லேசான வித்தியாசம். 15 போட்டபோது கொஞ்சம் அடங்கியது, ஆனால் சத்தத்தின் தன்மை மாறியது. முன்பு பட்டாசுச் சரம் மாதிரி கூர்மையாக இருந்தது, இப்போது அடிவயிற்றிலிருந்து வருவது போல 'டொம்' என்று எப்போதாவது ஒன்று. அளவுக்கு மீறி ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆனாலும் வெடிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இன்னொரு விஷயம் பிடிபடவும் நாளாயிற்று. என் வண்டியில் 3,000க்கு மேல் த்ராட்டில் மூடினால் இசியூ பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. நடுவில் வரும் அந்த மௌனம் அதுதான். பூஜ்யத்துக்குப் பதினைந்து சதவீதம் கூட்டினால் பூஜ்யம்தானே வரும்? மேல் கட்டங்களில் நான் மாய்ந்து மாய்ந்து நிரப்பிய எண்களெல்லாம் வெறும் அலங்காரம்.

சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று காற்று-பெட்ரோல் விகிதத்தை எண்ணாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சாரை நண்பரிடம் இரவல் வாங்கி ஓ2 சென்சார் இருந்த துளையில் மாட்டினேன். பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்பது சம விகிதம்; எண் அதற்கு மேல் போனால் லீன். ஐடிலிலும் சின்ன த்ராட்டிலிலும் எனக்கு 16ஐ ஒட்டிக் காட்டியது. மீட்டரே சொல்லிவிட்டது, இனி என்ன சந்தேகம்? இன்னும் கூட்டினேன். லிட்டருக்கு 29 கொடுத்த வண்டி 25க்கு வந்தது. கராஜில் நிறுத்தினால் பெட்ரோல் வாடை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி போல் கறுப்பு. மீட்டரோ இன்னமும் லீன் என்றே சாதித்தது.

பிளக் ரிச் என்கிறது, மீட்டர் லீன் என்கிறது. அந்த முரண்தான் என்னை உட்கார வைத்தது.

ஒரு குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்தபோது என்ஜின் முன்பக்கம் 'ச்சிக் ச்சிக்' என்று மெல்லிய சத்தம் கேட்டது. இரண்டு நிமிடத்தில் சூடேறியதும் நின்றுவிட்டது. மறுநாள் என்ஜின் ஆறியிருக்கும்போது குனிந்து பார்த்தேன். பெண்ட் பைப் சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்தில், கீழ்ப்பக்கமாக, கண்மை தீட்டியது போல் ஒரு கறுப்புக் கோடு. சோப்புத் தண்ணீர் தெளித்து ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஈரத்துணியால் சில விநாடி லேசாக அடைத்தேன். குமிழ் குமிழாக வந்தது. சைலன்சர் கிளாம்ப் பக்கமும் இரண்டு குமிழ்.

காரணம் நான்தான். சைலன்சரோடு பெண்ட் பைப்பையும் கழற்றி மாட்டியபோது, இணைப்பில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டை, நசுங்கிப்போன பழையதையே திரும்பப் போட்டிருக்கிறேன். ஒரு முறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். அந்த இடைவெளியில் புகை வெளியே வருவது மட்டுமல்ல, ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் பின்னால் பைப்புக்குள் அழுத்தம் குறையும்போது வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. வெடிக்கத் தேவையான காற்று அப்படித்தான் கிடைத்தது. வைட்பேண்ட் பொய் சொன்னதும் அதனால்தான்: அது பைப்பில் இருக்கும் ஆக்சிஜனைத்தான் அளக்கிறது, அது எந்த வழியாக வந்தது என்று அதற்குத் தெரியாது.

புது கேஸ்கெட். இரண்டு நட்டையும் ஒரேயடியாக முறுக்காமல் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினேன். கிளாம்ப்புக்கு வெப்பம் தாங்கும் சீலன்ட். கன்ட்ரோலரில் எல்லாக் கட்டத்தையும் பூஜ்யமாக்கிவிட்டு ஓட்டினேன். முக்கால்வாசி வெடிப்பு போயிருந்தது, ஒரு சொட்டு பெட்ரோல் கூட்டாமலே. சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக வந்த நாள் அது.

மிச்சமிருந்த கால்வாசிக்குத்தான் உண்மையில் ட்யூனிங் தேவைப்பட்டது. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, எப்போதும் ஒரே இறக்கத்தில், ஒரே கியரில் சோதித்தேன். 0% பத்தியில் 1,500 முதல் 3,000 வரை மட்டும் 2, 4, 6 என்று ஏற்றினேன். 6இல் சரம் அறுந்தது. 8இல் ஐடிலுக்கு இறங்கும்போது வண்டி சோம்பியது, எனவே 6க்கே திரும்பினேன். பக்கத்துப் பத்தியான 2%க்கும் 4 கொடுத்தேன். டிராஃபிக்கில் கை ஆக்சிலேட்டரை முழுதாக விடுவதில்லை, கிட்டத்தட்ட மூடிய நிலையில்தான் தொங்குகிறது. கீழ் கியரில் முன்பு இருந்த வெட்டு வெட்டான ஓட்டம் இதில் போனது. உண்மையில் சத்தம் குறைந்ததைவிட இதுதான் எனக்குப் பெரிய லாபம். மைலேஜ் 28.5இல் நிற்கிறது.

பெண்ட் பைப்புக்குக் காற்று போகும் வழி இன்னொன்றும் உண்டு. எரியாத பெட்ரோலை எரித்து மாசைக் குறைக்க, ஒரு பக்கம் மட்டும் காற்றை விடும் ரீட் வால்வ் வழியாகக் காற்றைப் புகைத் துளைக்குள் விடும் ஒரு ஏற்பாடு. த்ராட்டில் மூடும்போது அது அடைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஹோஸைத் தற்காலிகமாக அடைத்து ஒரு ரவுண்டு போய்ப் பார்த்தேன், சத்தம் துளிகூட இல்லை. திரும்ப மாட்டிவிட்டேன். மாசுக் கட்டுப்பாட்டுக்கென்று இருப்பதை இரண்டு 'டப்'புக்காகப் பிடுங்க மனம் வரவில்லை, பல நாடுகளில் அது குற்றமும்கூட. டம்மி பிளக்கும் அதே ரகம்தான். அதை மாட்டுகிற எவரும் அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. என் பழைய வண்டியில் இதே நோய்க்கு மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி ஏமாந்தேன். மெயின் ஜெட் த்ராட்டிலை நன்றாகத் திறக்கும்போது பெட்ரோல் விடும் துளை; மூடிய த்ராட்டிலில் வேலை செய்வது பைலட் என்ற சின்ன வழிதான். என்ஜின் பக்கம் இருப்பது ஃப்யூயல் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் ரிச். ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பது ஏர் ஸ்க்ரூ, உள்ளே திருப்பினால் ரிச். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போக வேண்டாம். சில கார்புரேட்டர்களில் த்ராட்டில் மூடும்போது பைலட் காற்றைக் குறைக்கும் குட்டி டயஃப்ரம் ஒன்று உண்டு. அது கிழிந்திருந்தால் எந்த ஸ்க்ரூவைத் திருப்பியும் பயனில்லை.

கன்ட்ரோலர் பெட்டி பற்றி ஒரே குறை. இரண்டாவது மழைக்காலத்தில் வண்டி திடீர் திடீரென்று திக்கியது. எர்த் ஒயர் முனையில் பச்சை பூத்திருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, கனெக்டர்களுக்கு டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி, பெட்டியைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டினேன். அதன்பின் தொந்தரவு இல்லை.

கணினியில் அந்த அட்டவணையைச் சேமித்த 11 மேப் ஃபைல்கள் இருக்கின்றன. இப்போது ஓடுவது பதினொன்றாவது; அதில் நிரப்பியிருக்கும் எண்கள் முதல் ஃபைலில் இருந்ததைவிடக் குறைவு. நீண்ட இறக்கத்தில் இரண்டாம் கியரில் என்ஜின் பிரேக் பிடித்தால் இன்றும் ஒன்றிரண்டு 'பட்' கேட்கும். அண்ணன் போன வாரம் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "சைலன்சரைத் திரும்ப மாத்திட்டியா?" என்று கேட்டார்.