கேஃப் எல்எஸ்50-க்கு ஒரு பவர் ஆம்ப்: சில வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

என்னிடம் இருப்பது கேஃப் நிறுவனத்தின் எல்எஸ்50 ஸ்பீக்கர், 2012-இல் வந்த முதல் மாடல். சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, 85 டெசிபல்தான். இம்பீடன்ஸ் (ஆம்புக்கு ஸ்பீக்கர் காட்டும் மின்தடை) 8 ஓம் என்று போட்டிருந்தாலும் சில அதிர்வெண்களில் 3.2 ஓம் வரை இறங்கும். சத்தம் கம்மி, கரண்ட் பசி அதிகம். ரிசீவரில் ஓட்டிக்கொண்டிருந்தவன் ஸ்பீக்கரை இயக்க மட்டும் தனியாக ஒரு பவர் ஆம்ப் தேடியது அதனால்தான்.

எல்லோரும் முதலில் பார்ப்பது வாட். வீட்டில் சாதாரணமாகக் கேட்கும் சத்தத்துக்கு ஒரு வாட்கூடத் தேவைப்படாது. ஆனால் அரை வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு தவில் அடி 20 டெசிபல் எகிறினால் அந்த நொடிக்கு 50 வாட் வேண்டும். அந்த அளவுக்கு ஆம்பில் சக்தி இருந்தால் போதும். 100 வாட்டுக்கும் 150 வாட்டுக்கும் நடுவே 2 டெசிபல்கூட வித்தியாசம் இல்லை. அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் இறங்குவதால், 4 ஓமில் எவ்வளவு தருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சின்ன ஆம்ப்களின் அட்டைப்பெட்டியில் '300 வாட் x 2' என்று இருக்கும், உள்ளே 48 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் கிடக்கும். அது தொடர்ந்து தரக்கூடியது மொத்தமே 240 வாட். மீதி எங்கிருந்து வரும்?

யாரும் பேசாத விஷயம் கெயின், அதாவது உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது. நண்பர் ஒருவர் பழைய குவாட் 405 பவர் ஆம்ப் ஒன்றைக் கொஞ்ச நாள் வைத்துக் கேட்கக் கொடுத்தார். குவாட் நிறுவனர் பீட்டர் வாக்கரின் 'கரண்ட் டம்பிங்' வடிவமைப்பு, 1975-இல் வந்தது, சேனலுக்கு 100 வாட். குரல்கள் அருமையாக இருந்தன. ஆனால் அரை வோல்ட் உள்ளே போனாலே அது முழு சக்திக்கு வந்துவிடும். அந்தக் காலத்து ப்ரீ ஆம்ப்களுக்கு (பவர் ஆம்புக்கு முன்னால் வரும் வால்யூம் பெட்டி) அது சரி. என் டிஏசி (டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) தருவது 2 வோல்ட். வால்யூமை அடிமட்டத்தில் வைத்துத்தான் கேட்க முடிந்தது, ஸ்பீக்கர் அருகே போனால் 'உஸ்' என்ற இரைச்சலும் கேட்டது. நடுவே சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போட்டால் தீரும். எனக்குப் பொறுமை இல்லை.

கிளாஸ் ஏ வகை ஆம்ப் ஒன்றையும் கேட்டுப் பார்த்தேன். சுகமான ஒலி, சந்தேகமில்லை. ஆனால் பாட்டு ஓடாதபோதும் அடுப்பு மாதிரி கொதிக்கிறது. மே மாதத்தில், ஏசி இல்லாத ஹாலில், அது எனக்கு ஒத்துவராது.

கடைசியில் வாங்கியது ஹைபெக்ஸ் நிறுவனத்தின் என்கோர் மாட்யூல் வைத்த கிளாஸ் டி ஆம்ப் (டிரான்சிஸ்டர்கள் வேகமாக ஆன்-ஆஃப் ஆகி இயங்கும் வகை). புரூனோ புட்சைஸ் வடிவமைத்த சர்க்யூட். 'டி' என்றால் டிஜிட்டல் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. இதன் கெயின் 26 டெசிபல், அதாவது 20 மடங்கு. ஒன்றரை வோல்ட் கொடுத்தாலே 8 ஓமில் 100 வாட் தாண்டிவிடும் என்பதால் வால்யூம் நடுவாக்கில் நிற்கிறது, இரைச்சல் இல்லை. நாள் முழுக்க ஓடினாலும் மேல்மூடி வெதுவெதுப்புதான். ஸ்பீக்கரின் பேஸ் முன்பைவிட இறுக்கமாகத் தெரிகிறது. மிட்ரேஞ்சில் குவாட் தந்த அந்தக் கனம் இதில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எரிச்சல் ஒன்று உண்டு. சிக்னல் இல்லாவிட்டால் தானாகத் தூங்கிவிடும் வசதியை, மாட்யூலை வைத்து இந்த ஆம்பைச் செய்தவர்கள் வைத்திருக்கிறார்கள். ராத்திரி வீட்டார் தூங்கிய பிறகு மெதுவாக வைத்துக் கேட்டால், சிக்னலே இல்லை என்று நினைத்து ஆலாபனை நடுவில் அணைந்துவிடுகிறது! பின்பக்கம் உள்ள சின்ன சுவிட்சை 'ஆன்' பக்கம் தள்ளி வைத்ததும் சரியாயிற்று. அப்புறம், லேப்டாப் சார்ஜரைச் செருகினால் 'ம்ம்' என்ற ஹம் இரைச்சல் வந்தது. வெளி இரைச்சலைத் தவிர்க்கும் பேலன்ஸ்டு கேபிளுக்கு மாறியதும் போய்விட்டது.

உங்கள் ஸ்பீக்கர் 92 டெசிபல் என்றால் இத்தனை தேடலே வேண்டாம். எனக்கு 50 வாட் தேவைப்படும் இடத்தில் உங்களுக்கு 10 வாட் போதும். ப்ரீ ஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில் இருக்கும் நல்ல இன்டக்ரேட்டட் ஆம்ப் ஒன்றை வாங்கிவிட்டு மிச்சப் பணத்தில் அறையின் எதிரொலி குறையக் கனமான திரைச்சீலை போடுங்கள்.