கரிமூட்டப் புகையா, அடுப்புப் புகையா: எது நம் நெஞ்சுக்குள் அதிகம் போகிறது?

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், சாயல்குடிப் பக்கம் ஊரை ஒட்டிய காட்டில் கரிமூட்டம் போட்டால் இரவெல்லாம் அந்த வாடை வீட்டுக்குள் வரும். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசி, காற்று அதிகம் புகாமல் நாட்கணக்கில் கனிய விடுவார்கள். என் பெரியம்மாவுக்கு அந்தப் புகை மீது தீராத கோபம். கடந்த முறை போயிருந்தபோது, அடுப்பின் முன் குந்தி ஊதுகுழலால் ஊதியபடியேதான் அதைத் திட்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் எரிந்ததும் அதே கருவேலம்தான். பனங்கையில் ஒட்டடை கரியாகத் தொங்கியது. பேச்சுக்கு நடுவே இரண்டு முறை எழுந்து வாசலுக்குப் போய் இருமிவிட்டு வந்தார்.

இரண்டு புகையிலும் அஞ்ச வேண்டியது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான அளவு. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடி வரை இறங்கிவிடும். காற்றில் ஒரு கனமீட்டருக்கு ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. நம் நாட்டு வரம்பு 40.

மொத்தப் புகையை எடைபோட்டால் மூட்டம்தான் பெரியது. ஆனால் அது வெட்டவெளியில் எழுகிறது. பகலில் கடற்காற்று அதைக் கலைத்து உள்நாட்டுப் பக்கம் தள்ளிவிடும். இரவில் காற்று அடங்கி, தரை குளிர்ந்தால் புகை மேலே போகாமல் தாழப் படரும். பெரியம்மாவின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. மூட்டத்தடியிலேயே நின்று வேலை பார்க்கும் கூலிக்காரர்களுக்கோ அது இன்னும் பெரிய ஆபத்து. ஊருக்குள் இருப்பவர்களைப் பொறுத்தவரை அடுப்பையே நான் முதலில் குற்றம் சொல்வேன். அது எரிவது மூக்கிலிருந்து ஒரு முழ தூரத்தில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமைக்கும் 3 மணி நேரம் அடுப்பங்கரையில் 500 மைக்ரோகிராம், மீதி 21 மணி நேரம் 30 என்று வைத்துக்கொள்வோம். நாள் சராசரி 89 வரும். அதில் பத்தில் ஏழு பங்கு அந்த மூன்று மணி நேரத்தில் சேர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே எத்தனை சுத்தமான கடற்காற்று வீசினாலும் அந்தப் பங்கை அது குறைக்காது.

அடுப்பை முற்றத்துக்கு மாற்றினால்? நிச்சயம் குறையும், வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் நல்லது. ஆனால் ஊதுகிறவரின் முகம் அதே இடத்தில்தான் இருக்கும். கோடையில் பனையோலைக் குடிசைக்குள் மணிக்கணக்கில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மூன்று பக்கம் அடைத்த கொட்டகையும் அடுப்பங்கரைதான்.

கேஸுக்கு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. நாகப்பட்டினம், கள்ளக்குறிச்சிப் பகுதிகளும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளும் சேர்ந்த ஆய்வில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாக கேஸ் கொடுத்து, அவர்கள் உடலிலேயே கருவியை மாட்டி அளந்தார்கள். விறகிலேயே சமைத்தவர்களின் இடைநிலை அளவு சுமார் 71 மைக்ரோகிராம். கேஸுக்கு மாறியவர்களுக்கு 24. குழந்தைகளின் பிறப்பு எடையில் மட்டும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஏமாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் மூச்சில் ஏறுவது மூன்றில் ஒரு பங்காகக் குறைவதை விடப் பெரிய மாற்றம் ஒரு அடுப்பங்கரையில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

2016-இல் ஏழை வீட்டுப் பெண்களுக்கு கேஸ் இணைப்பு தரும் உஜ்வாலா திட்டம் வந்த பிறகு சிலிண்டர் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. பெரியம்மா வீட்டிலும் இருக்கிறது, டீ போட மட்டும். விறகு காட்டில் சும்மா கிடைக்கிறது. சிலிண்டருக்குக் காசு வேண்டும். இதை அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வீட்டுக்குள் இன்னொரு புகையும் உண்டு, கொசுவர்த்தி. அதற்கும் கொசுவலைக்கும் இடையே எதைத் தேர்வது என்று யோசிக்கவே வேண்டாம், வலைதான். ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூட்டப் புகைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே சுருள் ஏற்றுகிறோம்.

நான் கிளம்பிய அன்று, வெந்நீர் அடுப்பு வேப்பமரத்தடிக்கு மாறியிருந்தது. புதிதாக ஒரு கொசுவலையும் கொடியில் தொங்கியது. சோற்றுப்பானை இன்னும் உள்ளே விறகடுப்பில்தான் கொதிக்கிறது.